கல் பங்களாவும் எங்கள் அடுப்பங்கரையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், நீங்க ஹிஸ்டரி படிச்சவர், ஹிஸ்டரி சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுத்தே ஆகணும்" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். பேனாவைத் திறந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. நம் கல்லூரியின் வரலாறு நம் எல்லோருக்கும் மனப்பாடம். கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தார். 1822-ல் ஸ்டோன் ஹவுஸைக் கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். 1955-ல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்தது. (சல்லிவன் ஊட்டிக்கு முன்பே பங்களா கட்டியது எங்கள் கோத்தகிரி கன்னேரிமுக்கில். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஊருக்குள் போக முடியாது.) இதற்கு மேல் புதிதாக நான் என்ன சொல்லிவிட முடியும்?

ஆகவே வேறொரு வரலாறு எழுதுகிறேன். 1979 முதல் 1982 வரை, அந்தக் கல் பங்களாவின் பக்கத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு நாங்கள் திறந்த டிபன் பாக்ஸ்களின் வரலாறு. மாணவச் செல்வங்கள் சிரிக்க வேண்டாம். அந்த அலுமினிய டப்பாக்களுக்குள் சீனா, லண்டன், இலங்கை எல்லாமே இருந்தன. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

முதலில் உருளைக்கிழங்கு. சல்லிவன் தோட்டப் பைத்தியம். கோசு, கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி என்று சீமைப் பயிரையெல்லாம் இந்த மண்ணில் போட்டுப் பார்த்தவர். அதற்கு முன் இங்கே படகர்களின் வயலில் ராகியும் சாமையும் அவரையும் இருந்தன. கிழங்கு வந்து ஒரு தலைமுறைக்குள் அதுவும் சேர்ந்துகொண்டது. என் வகுப்புத் தோழன் ஒருவன், தொட்டபெட்டா பக்கத்து ஹட்டியிலிருந்து வருவான். அவன் டப்பாவில் ராகிக் களியும் 'அவரெ உதக்க'வும் இருக்கும். அவரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு அது. அவரை ஊர்ச் சரக்கு, கிழங்கு சீமைச் சரக்கு. இரண்டும் ஒரே சட்டியில் நூற்றைம்பது வருஷமாகக் கொதித்து, இப்போது எது யாருடையது என்று பிரிக்க முடியாது. வரலாற்றுப் பாடத்தில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. தோழன் "நல்லா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்பான்.

அந்தக் கிழங்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அறுவடை ஆனதும் தரம் பிரிப்பார்கள். பெரிசும் நடுத்தரமும் மூட்டையாகி லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடும். கோலிக்குண்டு மாதிரி இருக்கிற பொடிக் கிழங்கு மலையிலேயே நிற்கும். எங்கள் வீட்டில் பெரிய கிழங்கு வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை. பொடிக் கிழங்கைத் தோலோடு அவித்து, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பிரட்டி எடுத்தால் அதன் ருசியே தனி. இன்று ஓட்டலில் 'பேபி பொட்டேட்டோ' என்று அதற்குத் தனி விலை.

இந்த மலையில் எதை எடுத்தாலும் இதே கதைதான். நல்லது கீழே போகும், மிச்சம் மேலே நிற்கும். எங்கள் அம்மாமார்கள் அந்த மிச்சத்தை வைத்துத்தான் வீடு நடத்தினார்கள். முக்கியமாகத் தேயிலை.

தேயிலை இங்கே வந்தது நாம் குடிப்பதற்காக அல்ல, கப்பலேற்றுவதற்காக. 1830-களில் குன்னூர்ப் பக்கம் டாக்டர் கிறிஸ்டி என்ற ராணுவ உதவி சர்ஜன் சோதனைக்காக நட ஏற்பாடு செய்தார். கேத்தியில் இருந்த சோதனைப் பண்ணையில் பெரோட்டே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதை வளர்த்துப் பார்த்தார். தொழிலாக வேர்பிடித்தது 1850-களின் கடைசியில். 1859-ல் தொடங்கிய தாய்சோலை எஸ்டேட் இன்றும் பெயர் சொல்கிறது. நடுவட்டத்துச் சிறையில் இருந்த சீனக் கைதிகளைத் தோட்ட வேலைக்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் நம் மலையின் வரலாற்றில் சேர்ந்தது. 1899-ல் ரயில் குன்னூருக்கு ஏறியது, 1908-ல் ஊட்டிக்கு வந்தது. டூரிஸ்ட்டுகள் அதில் ஏறி வருவதைத்தான் இப்போது எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அன்றைக்குக் கீழே இறங்கியது தேயிலைப் பெட்டி.

சரி, அப்படியானால் எங்கள் கிளாசுக்கு அது எப்படி வந்தது? 1930-களில் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. தேயிலை விலை விழுந்தது. 1933-ல் இந்தியா, இலங்கை, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் சேர்ந்து ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. விற்காத சரக்கை என்ன செய்வது? அப்போதுதான் நம்ம ஊர் ஜனம் முதலாளிகள் கண்ணுக்குத் தெரிந்தது. தேயிலை வரிப் பணத்தில் பிரசாரம் நடந்தது. கூட்டம் கூடுகிற இடத்திலெல்லாம் தேநீர் போட்டுக் காட்டினார்கள், இலவசமாகவும் ஊற்றிக் கொடுத்தார்கள். அதே பத்தாண்டில் அஸ்ஸாமில் சி.டி.சி. மெஷின் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிப் பொடி மணியாக்கும். கொஞ்சம் போட்டால் போதும், சாயம் கருகருவென்று இறங்கும். நம் டீக்கடை பாய்லருக்கும், பால் சர்க்கரை தூக்கலாகக் கேட்கிற நம் நாக்குக்கும் அது சரியாகப் பொருந்திவிட்டது. கீழ்நாட்டில் காப்பி குடிப்பது ஒரு அந்தஸ்து, டீ குடிப்பது உழைக்கிறவன் வழக்கம் என்று ஒரு கோடு ரொம்ப நாள் இருந்தது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எங்கள் வீடு என்று சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தில் நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தூள் வரும். சலித்துத் தரம் பிரிப்பார்கள். முழு இலை ரகம் ஒருபக்கம். கடைசிச் சல்லடைக்குக் கீழே விழுவது டஸ்ட். 1963-ல் குன்னூரில் தேயிலை ஏலம் ஆரம்பித்தது. இன்று டஸ்டுக்கே தனி ஏலம், தனி மவுசு. ஆனால் கொழுந்து எடுத்த கைக்கு அன்று கிடைத்தது மாதச் சம்பளத்தோடு அளந்து கொடுக்கிற தூள்தான். அதை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அடுப்புக்கு மேல் பரணில், ஈரம் படாமல் வைத்திருப்பார்.

இந்த இடத்தில் என் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர். 1869-ல் அங்கே காப்பிச் செடியில் இலைநோய் விழுந்து, சில வருஷங்களில் காப்பியே ஒழிந்தது. அதே மலையில் தேயிலை வந்தது. முதலாளிக்குப் பயிர் மாறியது, எங்கள் ஆட்களுக்கு லயம் மாறவில்லை. 1964 அக்டோபர் 30-ம் தேதி சிரிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்த ஐந்தேகால் லட்சத்தில் நாங்கள் ஐந்து பேர். அட்டன் பக்கத்திலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். எனக்கு அப்போது பத்து வயது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-லிருந்து வனத்துறை நீலகிரியில் தேயிலை போட்டுக்கொண்டிருந்தது. அதுதான் 1976-ல் டான்டீ கழகமானது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்தது.

அம்மாவுக்கு டீ என்று சொல்ல வராது, இன்றைக்கும் 'தேத்தண்ணி'தான். பால் இல்லாத வெறும் சாயம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. சீனியைக் கரைத்தால் மூன்று ஸ்பூன் வேண்டும், நக்கினால் ஒன்று போதும் என்பது அம்மாவின் பொருளாதாரம். குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்கு, அடுப்பு வெளிச்சத்தில், இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக்கொண்டு குடித்த அந்தத் தேத்தண்ணிக்கு இணையாக நான் பிறகு எந்த ஓட்டலிலும் குடித்ததில்லை. விறகுக்குக் காசு கிடையாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற மிலாறுகளைக் கட்டித் தலையில் தூக்கி வந்து காயவைத்துக்கொள்வார்கள். தேயிலைக் குச்சியில் தீ மூட்டித் தேயிலைத் தண்ணீர்!

இலங்கையில் ரொட்டி என்றால் மாவில் தேங்காய்ப்பூ போட வேண்டும், தொட்டுக்கொள்ளச் சம்பலுக்கும் தேங்காய் வேண்டும். கோத்தகிரியில் தேங்காய் என்பது மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிற விருந்தாளி. அம்மா ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் அந்தப் பொடிக் கிழங்கை அவித்து மசித்து மாவில் சேர்த்து, பச்சைமிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு ரொட்டி தட்டினார். தேங்காய் இல்லாத குறை தெரியவில்லை. மத்தியானம் வரை மெத்தென்றும் இருந்தது. என் டிபன் பாக்ஸில் மூன்று வருஷமும் அதுதான்.

ஒன்று மட்டும் அம்மாவை ரொம்ப நாள் படுத்தியது. பருப்பு வேகாது. "இந்த ஊர்த் தண்ணி ஒரு மாதிரி, கொதிக்குது ஆனா வேகமாட்டேங்குது" என்பார். பிசிக்ஸ் படித்த நண்பன் ஒருவன் விளக்கினான்: உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரிதான். கோத்தகிரியில் ஒன்றிரண்டு கூடும். அட்டன் இன்னும் தாழ்வு, அங்கே 95-க்கு மேல். நான் பெருமையாக வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்ப அந்த மிச்ச டிகிரிக்கு வெறகு யாரு தருவா?" என்றார். பிறகு முந்தின ராத்திரியே பருப்பை ஊறப்போட ஆரம்பித்தார். 1984-ல் என் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு பிரஷர் குக்கர். முதல் விசில் வந்தபோது அம்மா பயந்து வெளியே ஓடிப்போனது தனிக்கதை.

வர்க்கியைச் சொல்லாமல் விட்டால் இந்த மலர் என்னை மன்னிக்காது. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் சேர்த்துப் புளிக்க வைத்த 'மாவா' என்ற கூட்டுத்தான் அதற்கு உயிர். விறகு அடுப்பில் வெந்து, அடுக்கடுக்காய் மொறுமொறுவென்று வரும். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் நாங்கள் தின்றது உடைசல். சாயங்காலம் பேக்கரியில் தட்டின் அடியில் சேருகிற துண்டும் தூளும் பேப்பர் பொட்டலத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பஸ்ஸில் ஆறு பேர் பங்கு. கோத்தகிரி வந்து சேர்வதற்குள் பொட்டலத்தை நக்காத குறை.

உடுப்பும் இதே கணக்குத்தான். ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் முதல் பெஞ்ச்சில் உட்கார முடியாது. கடை ஸ்வெட்டருக்கு எங்களிடம் காசு கிடையாது. அம்மா பழைய துணிக் கடையிலிருந்து, பெரிய வீட்டில் கழித்துப்போட்ட கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி வந்தார். அதை முழுதாகப் பிரித்தார். பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்குமே, அதைக் கொதிக்கிற கெட்டில் மூக்கின் ஆவியில் காட்டினால் நேராகிவிடும். சைக்கிள் போக்ஸ் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கிப் பின்னினார். உடம்புக்குப் போதிய சாம்பல் நிற நூல் கைக்குப் போதவில்லை, கை இரண்டும் மெரூன். கேம்பஸில் அது என் அடையாளமாகிவிட்டது. தோடர்களின் புத்துக்குளி எத்தனை தலைமுறையாகச் சிவப்பும் கறுப்பும் போட்டு வெள்ளைத் துணியில் கம்பீரமாக நிற்கிறது. என் ஸ்வெட்டரின் இரண்டு கலருக்கு அப்படி எந்தக் கம்பீரமும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது பேரன் முழங்காலில் கிழித்துவிட்ட ஜீன்ஸை விலை கொடுத்து வாங்கி வருகிறான். நான் வாயைத் திறப்பதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு ரசனையாக எழுதுகிறேனே, அன்று எப்படி இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வரலாறு ஆகாது.

இரண்டாம் வருஷம், ஸ்காலர்ஷிப் பாரத்தில் கையெழுத்துப் போட அம்மா ஒருநாள் கல்லூரிக்கு வந்தார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, தொட்டபெட்டா வழி பஸ்ஸில், நண்பர்களுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தேத்தண்ணி ஊற்றித் துணியில் சுற்றிக்கொண்டு. படியில் உட்கார்ந்திருந்தார். நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். கூட நாலைந்து பேர் இருந்தார்கள், குன்னூர்ப் பையன்கள், நல்ல உடுப்பு. "யாரையோ தேடி வந்திருக்காங்க போல" என்று அவர்களில் ஒருவன் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கமாகச் சுற்றி லைப்ரரிக்குப் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம் அங்கே ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் புத்தகம் என்று நினைவில்லை.

திரும்பி வந்தபோது அந்த ஹட்டித் தோழன் அம்மா பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் டப்பாவிலிருந்த களியும் உதக்கவும் அம்மா மடியில். அம்மாவின் ரொட்டி அவன் கையில். "எங்கடா போனே? அம்மா வந்து எவ்ளோ நேரமாச்சு" என்றான். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். வராந்தாவில் நான் நின்றதைப் பார்த்திருந்தாரா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை. "ஆறிப்போச்சு தம்பி, ஒனக்கு வச்சது" என்று பாட்டிலை நீட்டினார். அவ்வளவுதான்.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். சல்லிவனைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன்! தேத்தண்ணிக்கு எவ்வளவு தூள், மாவுக்கு எத்தனை கிழங்கு என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிய பிறகுதான் போனில் ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரையில் சமையல் சம்பந்தமாக வருவது பெரும்பாலும் அந்த ரெக்கார்டிங்கிலிருந்து எடுத்ததுதான்.

இதற்கிடையில் மலையும் மாறிவிட்டது. 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்து, சிறு விவசாயிகள் கிழங்கு வயலையெல்லாம் தேயிலையாக்கினார்கள். சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது. பெரிய வாங்குகிறவன் போய்விட்டான். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்கு இறங்கியதைத் தோழன் வீட்டில் நேரில் பார்த்தேன். அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் ரேஷன் கடையில் 'ஊட்டி டீ' பாக்கெட் வந்தது. 2022-ல் டான்டீ தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு முடிவு செய்தது. காட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம், யானைக்கும் வழி வேண்டும்தானே. அங்கே லைன் வீட்டில் ரொட்டி சுட்டவர்கள் எங்கே போய் அடுப்பு மூட்டுவார்கள் என்பது என் கவலை. அம்மாவோடு கப்பலில் வந்தவர்களில் இன்று பேச்சுத்துணைக்கு மிச்சமிருப்பது இரண்டே பேர்.

இப்போது அம்மா என்னோடு கோவையில். பருப்பு கால் மணியில் வெந்துவிடுகிறது. அதிலும் குறை: "இங்க தண்ணி ரொம்ப அவசரப்படுது, சாயம் எறங்கறதுக்கு முன்னாடி கசந்துருது." நான் மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு சீட்டு வரும். தூள் அரைக் கிலோ, வர்க்கி உடைசல். பேக்கரியில் இப்போது அழகான அட்டைப்பெட்டியில் முழு வர்க்கிதான் தருகிறார்கள். வாங்கிப் போனால், "முழுசு எதுக்கு? எப்பிடியும் தேத்தண்ணில ஒடச்சுத்தானே போடப்போறோம்" என்கிறார்.

சந்திப்பு அழைப்பிதழில் மதியம் கேட்டரிங் சாப்பாடு என்று போட்டிருக்கிறது. நன்றாகவே இருக்கும். ஆனாலும் அன்று நான் கிழங்கு ரொட்டி கொண்டுவருகிறேன், இருபது பேருக்குத் தாங்கும். இந்த முறை அம்மாவும் வருகிறார். மேடைப் பேச்சு முடிந்ததும் ஒரு மணிக்கு ஸ்டோன் ஹவுஸ் படியில் உட்கார்ந்திருப்போம். ஹட்டித் தோழா, நீ இதைப் படித்தால் உதக்க உன் பொறுப்பு.